மாட்டு மூளையோடு மதுரைக்கு ஒரு பயணம்

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, திருமங்கலம் பக்கத்தில் இருக்கும் அக்கா ஊரிலிருந்து மதுரைக்குக் கிளம்பினோம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. முந்தின நாள் செத்துப்போன அக்கா வீட்டு மாட்டின் மூளைத் துண்டை ஆய்வகத்தில் கொடுக்க.

மாடு மூன்று நாளாக எச்சில் வடித்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று அக்காவின் கணவர் முருகேசன் மச்சான் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் தாடையைப் பிடித்துக்கொண்டார்கள். வெறிநோயாக (ரேபிஸ்) இருக்கலாம், எச்சில் வழியாகப் பரவும், மூவரும் உடனே ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார் கால்நடை மருத்துவர். “ஒரு மாடு செத்ததுக்கு இம்புட்டு பயமா?” என்று மச்சான் மறுக்க, அவரைப் பார்த்து மற்ற இருவரும் போடவில்லை.

மருத்துவரே மாதிரியை எடுத்து, மூன்றடுக்காகப் பொதிந்து, ஐஸ் பெட்டியில் வைத்துத் தந்தார். மச்சானையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டேன். காலை 8.40க்கு வாடகைக் கார். போக வர, காத்திருப்புச் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய்.

“பெட்டியில என்னண்ணே, மீனா?” என்றார் டிரைவர். விஷயத்தைச் சொன்னதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார்.

திருப்பரங்குன்றம் தாண்டி ஆய்வகம். 21 கிலோமீட்டருக்கு 45 நிமிடம் ஆனது. சாயமேற்றிக் காயவைக்க மதியம் இரண்டரை ஆனது. ஆய்வாளர் ஸ்டெல்லா எங்களை வெளி அறைத் திரைக்கு முன் உட்கார வைத்தார்.

“இது நோயில்லாத மாட்டு மூளை.” திரை வெறும் இருட்டு. “இது உங்க மாடு.” இருட்டு முழுக்கப் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மின்னின. வெறிநோய் வைரஸில் மட்டுமே ஒட்டும் சாயமாம் அது.

மச்சான் தன் கையைப் பார்த்தார். விரலில் கயிறு அறுத்த காயம்.

“மேடம், இனிமே ஊசி போட்டாக் கேக்குமா?”

“இன்னைக்கே போட்டா நல்லாக் கேக்கும். கடைசி ஊசி வரைக்கும் விடக்கூடாது.”

காருக்கு வருவதற்குள் மச்சான் போனில் கத்திக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரும் இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு வாங்கடா. நான் நேரா அங்கதான் போறேன்!”

மூவரும் எல்லாத் தவணையும் முடித்துவிட்டார்கள், நலமாக இருக்கிறார்கள். இப்படிப் போக நேர்பவர்களுக்குச் சொல்கிறேன்: மாதிரியை மருத்துவர்தான் எடுக்க வேண்டும், பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், ஆய்வகத்துக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். முக்கியமாக, முடிவுக்குக் காத்திருக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊசி போட ஓடுங்கள். நாங்கள் ஒரு நாளை வீணடித்தோம்.

சித்திரையில் எதிர்வீட்டு மாடு எச்சில் வடித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சான் முன்னால் போய் நின்றார். “எவனும் கைய விடாத. மொதல்ல டாக்டருக்குப் போனப் போடு.”

டாக்டர் வந்து, உறை மாட்டிய கையால் மாட்டின் தொண்டையிலிருந்து மாங்கொட்டை ஒன்றை வெளியே எடுத்தார். ஊரே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை, கொட்டை விழுந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.