பாயம்மாவின் குழாய் மூடி

பரீதா அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவருடைய மூக்கைப் பற்றித்தான் எழுத வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒன்பது வருஷம் சமைத்தவர். சொந்த ஊர் பழவேற்காடு. புருஷன் போன பிறகு மகள் அஃப்ஸானாவையும் மகன் மொஹசினையும் கூட்டிக்கொண்டு புதுவாயலுக்கு வந்து, வாடகைக்கு ஒரு ரூம் எடுத்துத் தங்கினார். கம்பெனியில் எல்லோருக்கும் பாயம்மா. எனக்கு மட்டும் அக்கா. அரிசி மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். பால் பாக்கெட்டை வெட்டும்போதே "இது நேத்து பாலு, திருப்பிக் குடு" என்பார். பால்காரர் சத்தியம் செய்வார். காய்ச்சினால் திரியும். நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

நான் மணவாளன். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அதே கம்பெனியில் மெஷின் ஷாப்பில் டிரெய்னியாகச் சேர்ந்தவன். விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வெறும் வயிற்றோடு வந்து நிற்பேன். ஷிப்டு தொடங்கும் முன்னால் அக்கா எனக்கு மட்டும் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, துணி போட்டு மூடி வைத்திருப்பார். "ஏண்டாப்பா, உங்க ஊட்ல அடுப்பே எரியறதில்லியா" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுப்பார். அந்த இட்லியைத் தின்றவன்தான் இதையும் செய்தேன். என்னைத் திட்ட வேறு ஆள் வேண்டாம், அந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

கேன்டீனுக்குப் பாமாயில் பதினைந்து கிலோ டின்னில் வரும். ஆணி வைத்து அடித்து இரண்டு ஓட்டை போட்டு ஊற்றுவார்கள். வேலை முடிந்ததும் பேப்பரைச் சுருட்டி ஓட்டையில் செருகுவார்கள். காலையில் பார்த்தால் எறும்பு செத்து மிதக்கும். அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. டூல் ரூமில் டர்னராக இருந்த துளசிராமன் அண்ணன் ஒரு நாள் அந்தப் புலம்பலைக் கேட்டுவிட்டு, அலுமினியத்தில் ஒரு சாமான் கடைந்து கொண்டுவந்தார். டின்னின் மேல் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஒரே ஓட்டை போட வேண்டும். அதில் இதைச் செருகி வளையத்தைத் திருகினால் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் கப்பென்று பிடித்துக்கொள்ளும். டின்னைச் சாய்த்தால் சின்னக் குழாய் வழியாக எண்ணெய் நூல் பிடித்த மாதிரி விழும், ஒரு சொட்டு வெளியே சிந்தாது. வேலை முடிந்ததும் சங்கிலியில் தொங்கும் மூடியைத் திருகிவிட்டால் எறும்பும் போகாது, ஈயும் போகாது. டின் காலியானால் கழற்றி அடுத்த டின்னில் மாட்டிக்கொள்ளலாம். குழாய் மூடி என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

அண்ணன் அதே அளவில் இரண்டு செய்தார். ஒன்று கேன்டீனுக்கு. இன்னொன்று எங்கள் ஷாப்பில் கட்டிங் ஆயில் கேனுக்கு. மெஷினில் இரும்பு அறுக்கும்போது சூடு தணிய ஊற்றுவோமே, அந்த ஆயில். கொடுக்கும்போதே, "அது அங்கதான், இது இங்கதான். மாத்தினீங்க, கைய ஒடிப்பேன்" என்று சொன்னார்.

இரண்டாயிரத்து ஐந்து, அக்டோபர். நோன்பு மாதம். அந்த மாதத்தில் அக்காவுக்குப் பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, ஆனால் இருநூறு பேருக்கு அடுப்பில் நிற்பார். பதம், மசாலா எல்லாம் வாசனையிலேயே சொல்லிவிடுவார். உப்பு மட்டும் மூக்குக்குத் தெரியாது. அதற்கு நான். மூன்று வருஷமாக நோன்பு மாதம் முழுக்க நான்தான் அவருக்கு நாக்கு. பன்னிரண்டு மணிக்கு ஓடிப்போய்க் கேன்டீன் வாசலில் உள்ளங்கையை நீட்டுவேன். கரண்டி நுனியால் ஒரு சொட்டு விடுவார். நக்கிப் பார்த்துவிட்டு "சரியா கீதுக்கா" என்றோ "இன்னும் ஒரு கை போடுக்கா" என்றோ சொல்வேன். நான் சொன்ன பிறகுதான் குண்டான் இறங்கும்.

அந்த வருஷ நோன்பில் ஒரு நாள் கம்பெனியில் ஆடிட். வெளியிலிருந்து ஆட்கள் வந்து மெஷின் மெஷினாகப் பார்ப்பார்கள். இரண்டு நாளுக்கு முன்னால் எங்கள் ஷாப் குழாய் மூடியின் மரை தேய்ந்து உதவாமல் போயிருந்தது. கேனை அப்படியே சாய்த்து ஊற்றியதில் தரையெல்லாம் ஆயில். சூப்பர்வைசர் ஆதிகேசவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆடிட் அன்னிக்கு ஒரு சொட்டு கீழ கெடந்துச்சி, கன்பர்மேஷன மறந்துடு" என்று சொல்லியிருந்தார். மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கும் ஆர்டர் வர வேண்டியிருந்தது.

ஆடிட் அன்று காலை எட்டு மணிக்குக் கேன்டீனுக்குப் போனேன். அக்கா பின்பக்கம் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் டின்னிலிருந்து குழாய் மூடியைக் கழற்றிக்கொண்டு, ஓட்டையின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். மெஷினுக்குக் கட்டிங் ஆயில் ஊற்றினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு சோப்புத் தூள் போட்டு, வெந்நீரில் மூன்று தரம் கழுவி, திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன். மாட்டும்போது அக்கா பார்த்துவிட்டார். வழக்கம்போலக் குனிந்து மோந்து பார்த்தார்.

"சோப்பு வாசனை வருது. யாரு கழுவனது?"

"நான்தான்கா. பிசுக்கா இருந்துச்சி."

"நல்லா இருப்பா நீ" என்றார்.

வளையத்தை இன்னொரு தரம் இறுக்கிவிட்டு ஷாப்புக்கு ஓடினேன்.

மதியம் தக்காளி சாதம். பன்னிரண்டு மணிக்கு நான் போனபோது தொக்கு சுண்டி எண்ணெய் பிரிந்திருந்தது. அக்கா முகத்தில் வழக்கமான தெளிவு இல்லை. கரண்டியை மூக்கருகே கொண்டுபோவதும் தள்ளுவதுமாக இருந்தார்.

"தம்பி, இன்னிக்கு நல்லா பாரு. ஒரு மாதிரி வாடை வருது. நோன்பு வயிறு, எனக்குத்தான் அப்டித் தெரியுதோ இன்னாவோ."

உள்ளங்கையில் தொக்கு விழுந்தது. அந்த நிமிஷம் எனக்குக் குழாய் மூடி ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வந்ததால்தான் நாக்கில் வைக்கப் பயந்தேன். அந்தப் பக்கம் ஆதிகேசவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஆடிட்காரர்கள் என் மெஷினுக்கு வந்துவிட்டார்கள். கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, "சரியா கீதுக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் என்னை நம்பிக் குண்டானை இறக்கினார்.

முதல் பந்தியில் சாப்பிட்டவர்களில் இருபத்து மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். காண்டிராக்ட் லேபர் லோகுவைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். எண்ணெயில் ஏதோ கலந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். என்ன கலந்தது, எப்படிக் கலந்தது என்று கம்பெனியில் யாரும் தேடவில்லை. சமைத்தவர் ஒருவர் இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்?

அன்று சாயங்காலமே விசாரணை. பர்சனல் ஆபீஸர் நாற்காலியில். அக்கா எதிரே நின்றுகொண்டிருந்தார். கேன்டீனுக்குப் போய்வருகிறவர்கள் என்று என்னையும் இன்னும் இரண்டு பேரையும் சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

"பரிமாறறதுக்கு முன்னாடி ருசி பாத்தது யாரு?" என்று ஆபீஸர் கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். அவர் கண் என் முகத்துக்கு வரவில்லை, பேண்ட்டில் நின்றது. குனிந்து பார்த்தேன். நீல யூனிபார்ம் பேண்ட்டில், தொடை மேல், சிவப்பாகத் தொக்குக் கறை. நக்கிய கையைத் துடைத்தால் அவ்வளவு கறை வராது. அது அவருக்குத் தெரியாதா?

"நோன்பு சார். நான் வாய்ல வெக்க மாட்டேன். யாரும் பாக்கல" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு எட்டு முன்னால் வந்தால் போதும். கன்பர்மேஷன் ஆர்டர் கண்முன்னால் நின்றது, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். மறுநாள் அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். எண்ணெய் டின்னையும் குழாய் மூடியையும் ஸ்கிராப்பில் வீசினார்கள். மாதக் கடைசியில் எனக்கு ஆர்டர் வந்தது.

ஒரு வாரம் கழித்துத் துளசிராமன் அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், சோப்பு போட்டுக் கழுவினால் குழாய் மூடி சுத்தமாகிவிடுமா என்று.

"ஆவாது. உள்ள காத்து போறதுக்கு ஒரு ஊசிக் கொழா வெச்சிருக்கேன். அதுல ஆயில் நிக்கும், வாஷர் வேற குடிச்சி வெச்சிக்கும். அதுக்குத்தான ரெண்டா செஞ்சேன்" என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அன்றைக்கே ஸ்கிராப் குவியலில் தேடி அதை எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வீட்டில் என் பெட்டிக்கு அடியில் வைத்தேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அக்கா பழவேற்காட்டுக்கே திரும்பிவிட்டார். இறால் உரிக்கும் ஷெட்டுக்கு வேலைக்குப் போனார். இதெல்லாம் காதில் விழுந்ததோடு சரி, நான் போய்ப் பார்க்கவில்லை. போகாமல் இருக்க எனக்குக் காரணமா கிடைக்காது? ஓவர்டைம், பஸ், மழை.

இரண்டாயிரத்து ஒன்பது தொடக்கத்தில் அஃப்ஸானாவின் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. போனேன். பிரியாணி செய்ய மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அக்கா பிரியாணி வேகும் தேக்சா பக்கமே போகவில்லை. வாசலிலேயே நின்று, சாப்பிட்டு வருகிறவர்களிடமெல்லாம் "நல்லாருந்துச்சா, ஒண்ணும் வாடை வரலியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க செய்யலியாக்கா?" என்றேன்.

"வேணாம்பா. அன்னிக்கு வாடை வந்துச்சி, நோன்பு வயிறுன்னு நானே தள்ளிட்டேன். இருவத்தி மூணு பேரு. அதுலேர்ந்து எது நெஜ வாடை, எது என் நெனப்புன்னு தெரியல. அடுத்தவங்க வயித்துக்குப் பொங்கற தைரியம் போச்சு."

பெற்ற மகளின் கல்யாணம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கூட்டமாக இருக்கிறது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

அந்த வருஷ நோன்பு மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டிக்கு அடியிலிருந்து கவரை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். போய்ச் சேரும்போது அஞ்சரை மணி. மொஹசினுடைய பெண்டாட்டி தஸ்லீம் நோன்புக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டியிருந்தாள். மொஹசின் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அக்கா பாயை விரித்து, "உக்காருப்பா. ரொம்ப எளைச்சிட்டியே" என்றார்.

உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கினேன். நின்றால் ஓடிவிடுவேன் என்று பயம்.

"அக்கா, அன்னிக்கு நான் தொக்க வாய்ல வெக்கல."

"தெரியும்பா. உன் பேண்ட்ல பாத்தனே. ஆர்டர் வர்ற நேரம், இன்னா அவசரமோ பாவம்னு அன்னிக்கே விட்டுட்டேன். அதயா இன்னும் தூக்கிக்கினு திரியற?"

இதோடு நிறுத்தியிருந்தால் நான் மன்னிக்கப்பட்டவன். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த ஆசை வந்தது, அதையும் மறைக்கவில்லை. கவரைப் பிரித்துக் குழாய் மூடியைப் பாய் மேல் வைத்தேன். கழற்றியது, கட்டிங் ஆயில் ஊற்றியது, கழுவி மாட்டியது, ஞாபகம் வந்ததால்தான் வாயில் வைக்கப் பயந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அக்கா அதைக் கையில் எடுத்தார். சங்கிலி கறுத்திருந்தது. மூடியைத் திருகிக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு, பழையபடி, இழுத்து மோந்தார்.

"இதுதான்" என்றார். "இதே வாடைதான்."

தொக்கு, தாளிப்பு, இத்தனை வருஷம், எல்லாவற்றையும் தாண்டி அந்த வாடை அவருக்குத் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"எனக்கு அன்னிக்கு சரியாத்தான் வந்துக்கீது. நான்தான் உன்ன நம்பினேன்" என்றார்.

காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து தஸ்லீம் கரண்டியில் கஞ்சியோடு வந்தாள். எங்களுக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"மாமி, பாங்கு சொல்ற நேரமாச்சு. அண்ணனுக்கு நோன்பு இல்லியே, உப்பு பாக்கச் சொல்லட்டுமா?" என்றாள்.

பழக்கம். என் உள்ளங்கை தானாக முன்னால் போய்விட்டது.

அக்கா என் கையைப் பார்த்தார். பிறகு தஸ்லீமிடமிருந்து கரண்டியை வாங்கித் தன் மூக்கருகே வைத்து நிதானமாக மோந்தார்.

"வாடையெல்லாம் நல்லாத்தான் கீது. உப்பு இல்லன்னாலும் பரவால்ல, எறக்கு" என்றார்.