கோபுரச் சீட்டும் நாய்ச் சீட்டும்

என் கைக்கு ராசி உண்டு என்று எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், அதனால் விளைந்த சேதாரம் பிறகு.

அம்மாவின் தம்பியான மாமா, எங்கள் ஊரான இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். சரக்கு பார்க்க வந்த வெள்ளைக்காரர் அவருக்கு ஒரு சீட்டுக்கட்டைப் பரிசளித்துவிட்டுப் போனார். ரம்மி ஆட உட்கார்ந்தால், சீட்டெல்லாம் படம். ஒருவன் தலைகீழாகத் தொங்கினான். ஓர் எலும்புக்கூடு குதிரையில் வந்தது. அதற்கு டாரட் என்று பெயர் என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்தது. மாமா அசரவில்லை. "இது சோசியச் சீட்டு. படத்தப் பாத்ததும் மனசுல என்ன தோணுதோ, அதான் பலன்" என்று அறிவித்து, கிளி இல்லாத கிளி சோசியர் ஆனார். கிளி உத்தியோகம் எனக்கு. அடிக்கடி பலன் கேட்டவள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை.

அந்தச் சமயத்தில் அத்தைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு முழுச் சம்மதம். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவள் சாப்பிடாமல் தட்டை அளைந்துகொண்டிருந்ததைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். அவளுடைய அப்பளமும் எனக்கே வந்தது.

வியாழக்கிழமை அத்தையே கட்டை எடுத்துக் கலைத்து, விசிறிபோல் விரித்து என் முன் நீட்டினாள். "வில்லிபுத்தூர் சம்பந்தத்த நெனச்சு ஒண்ணு எடு மருமகனே."

எடுத்தேன். உயரமான கோபுரம். உச்சியில் இடி விழுந்து தீப்பிடிக்க, இரண்டு பேர் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தார்கள்.

வேறு ஊர்க்காரர்களுக்கு அது ஏதோ ஒரு கட்டடமாக இருந்திருக்கும். பஸ் திரும்பும்போதே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற எங்களுக்கு அப்படியா இருக்கும்?

"இதுல மூணே ஜன்னல்தான் இருக்கு. அந்தக் கோபுரம் எம்புட்டுப் பெருசு!" என்றார் அப்பா. குரலில் வலுவில்லை.

"விழுற ரெண்டு பேருல ஒண்ணு பொம்பளை, பாருங்க" என்றாள் அம்மா.

"அப்ப எவன்தான் வருவான் இவளுக்கு?" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு எடுலே."

அத்தை மறுபடி கலைத்து நீட்டினாள். இந்த முறை ஓர் இளைஞன். தோளில் சின்ன மூட்டையுடன், வானத்தைப் பார்த்தபடி மலை விளிம்பில் கால் வைக்கப் போகிறான். பக்கத்தில் ஒரு வெள்ளை நாய் துள்ளுகிறது.

வெள்ளை நாயைக் காட்டியபின் இராஜபாளையத்துக்காரனிடம் வேறு ஊரைப் பற்றிப் பேச முடியாது.

"நம்ம ஊர் நாயாச்சே இது! அப்ப மாப்பிள்ளை உள்ளூரா?" என்றார் அப்பா.

அம்மா சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "கீழ பாக்காம நடக்கிறதப் பாத்தா என் தம்பி மாதிரியில்ல இருக்கு."

"சும்மா இரு அக்கா" என்ற மாமாவின் காதுகள் சிவந்தன.

அப்பா படத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் மாப்ளே, பள்ளத்துல விழுந்துருவியோ?"

"நாய் இருக்குல்ல அத்தான், இழுத்துப் பிடிச்சிரும்."

அத்தை அன்றிரவு தன் அப்பளத்தைத் தானே தின்றாள். மறுநாள் பெண் பார்க்க யாரும் வரவில்லை. ஐப்பசியில் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம். மாமா இன்றும் வானத்தைப் பார்த்துத்தான் நடக்கிறார். அத்தை இழுத்துப் பிடித்திருக்கிறாள்.

அந்தக் கைராசியை நம்பி நான் பிற்பாடு தேர்ந்தெடுத்த படிப்பு, வேலை, பழைய ஸ்கூட்டர் எதுவும் உருப்படவில்லை. அத்தை விரித்துப் பிடித்த சீட்டுகளில், இரண்டு முறையும், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அரை விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பையன் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பிடிக்கிறாளே, எவ்வளவு நல்ல அத்தை என்று நினைத்துக்கொண்டேன்.