முதலாளி வீட்டுச் சேணம்

எங்கள் வீட்டில் ஒரு ஆள் படுக்கிற இடத்தை ஒரு குதிரைச் சேணம் அடைத்துக்கொண்டு கிடந்தது. வீடோ ஒரே அறை. குதிரை எங்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

விருதுநகரில் ஒரு வத்தல் மண்டி முதலாளியிடம் அப்பா குதிரை பார்க்கிற வேலையில் இருந்தார். முதலாளி மகனுக்குச் சவாரியில் ஆசை. கொள்ளு வைப்பது, தேய்த்துக் குளிப்பாட்டுவது, சேணம் கட்டுவது எல்லாம் அப்பாதான். ஒரு கோடையில் அந்தக் குதிரை வயிறு வீங்கிச் செத்துப்போனது. அவர்கள் கார் வாங்கிவிட்டார்கள். அப்பாவைப் போகச் சொல்லாமல் மண்டியிலேயே மூட்டை தூக்க வைத்துக்கொண்டது அவர்களுடைய நல்ல மனசு. லாயத்தைக் காலி பண்ணும்போது, மறுபடியும் குதிரை வாங்கினால் உன்னைத்தான் கூப்பிடுவோம், இதைப் பத்திரமாக வைத்திரு என்று சேணத்தைக் கையில் கொடுத்தார்களாம். சொன்னவர்கள் சாயங்காலமே மறந்திருப்பார்கள். அப்பா மறக்கவில்லை.

அது எதற்கும் ஆகாத சேணம். உள்ளே இருந்த மரச்சட்டம் விரிசல் விட்டிருந்தது. அதைக் கட்டினால் குதிரையின் முதுகு புண்ணாகிவிடும் என்று அப்பாவே சொல்வார். ஒரு பக்கத்துத் தோலை எலி தின்றிருந்தது. மழைக்காலத்தில் அதிலிருந்து வருகிற வாடைக்குச் சோறு இறங்காது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வேப்பெண்ணெய் தடவித் துடைத்து வைப்பார். மதுரையில் ஒரு தோல் வேலைக்காரர் இருக்கிறாராம், அவர் கையில் கொடுத்தால் புதுசாக்கிவிடுவாராம். பொங்கல் கழியட்டும் என்பார், கழிந்ததும் தீபாவளி கழியட்டும் என்பார். அதுவரை பிள்ளைகள் யாரும் அதைத் தொடக் கூடாது, உட்காரவே கூடாது.

என் காலைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து எனக்கு வலது கால் வலுவில்லாமல் போய்விட்டது. இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கால் உருவம் வாங்கிப் போட்டார்கள். ஆத்தா உயிரை விட்டுவைத்துக் காலை மட்டும் எடுத்துக்கொண்டாள் என்று அம்மா அதற்கும் ஒரு கும்பிடு போடுவாள். தரையில் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவேன். அதனால் எந்நேரமும் ஒரு கையை ஊன்றியே இருப்பேன்.

எங்கள் ஊரில் அப்போது பள்ளிக்கூடம் கிடையாது. ஆமத்தூரைத் தாண்டி, சிவகாசி போகிற ரோட்டில் இருந்தது. என் வயதுப் பிள்ளைகள் நடந்து போனார்கள். அப்பா ஒருநாள் சைக்கிள் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு என்னை ஏற்றிக்கொண்டு போனார். பாலத்துப் பக்கத்தில் சரிந்து விழுந்து என் நெற்றி உடைந்தது. அத்தோடு பள்ளிக்கூடப் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, பிள்ளைக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது, சுவரில் சாய்த்து உட்காரவைத்தால் தீப்பெட்டி ஒட்டுமே என்றாள். அத்தை கெட்டவள் இல்லை. எங்கள் தெருவில் எல்லாப் பெண்பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள்.

ஒரு அடைமழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, அம்மா சேணத்தைத் தூக்கி வாசலில் இருந்த குட்டிச்சுவர் மேல் வெயிலுக்குப் போட்டாள். ஒட்டின பெட்டியைக் காயவைக்க வீட்டுக்குள் எனக்கு இடம் வேண்டும், இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மாமா, அம்மாவின் தம்பி, சாத்தூரிலிருந்து சேவு வாங்கிக்கொண்டு அந்த நேரம் பார்த்து வந்தார். அவருக்கு அப்பாவைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. என்னைத் தூக்கிச் சேணத்தின் மேல் வைத்து, சேவுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "மச்சான், சவாரிக்கு ஆள் வந்தாச்சு. குதிரைய மட்டும் கூப்பிடுங்க" என்றார். மச்சினனை ஒன்றும் சொல்ல முடியாமல் அப்பா என்னை முறைத்தார்.

அத்தையும் வந்துவிட்டாள். கண்மாய்க்கரை அய்யனாரின் மண்குதிரைக்குப் போட்டுவிடலாம் என்பது அவள் யோசனை.

"சாமிக்கு எலி தின்ன மிச்சமா?" என்றார் மாமா. "வெட்டிச் செருப்பாக்குங்க மச்சான். வீட்டுக்கே ஆளுக்கொரு சோடி வரும்."

"முதலாளி வீட்டுப் பொருளைக் கால்ல போட்டு மிதிக்கச் சொல்றியாக்கும். ஒனக்கு வாய்தான்லே வேல செய்யுது" என்றாள் அத்தை.

இப்படியே பேச்சு வளர்ந்தது. அப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையாலும் சேவு அள்ளித் தின்றுகொண்டிருந்தேன்.

"ஏத்தா, நீ கைய ஊனலையா?" என்றார்.

உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்ததற்குத்தான் கேட்கிறார் என்று பயந்து, சட்டென்று கையை ஊன்றினேன். சேவெல்லாம் கொட்டிப்போனது.

"ஊனாத. சும்மா இரு" என்று கிட்டே வந்து, சேணத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். முன்னும் பின்னும் உயர்ந்திருந்த அந்தத் தோல் மேடு என் இடுப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. நான் சாயவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினார். அப்போதும் சாயவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

பிறகு அம்மாவிடம் கத்தி கேட்டார். அம்மாவுக்குத்தான் தயக்கம். "மதுரைக்குக் கொண்டு போகணும்னீகளே" என்றாள்.

"மதுரைக்கென்ன, அது அங்கனயேதான் இருக்கும்."

தொங்கின தோலையெல்லாம் அப்பாவே அறுத்துப் போட்டார். இரும்பு வளையங்களைக் கழற்றினார். சட்டத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டுகிற அளவுக்குக் குறைத்தார். மீதி வேலை அம்மாவுடையது. அம்மா சீசன் சமயத்தில் வெடிக் கம்பெனியில் அணுகுண்டுக்குச் சணல் சுற்றப் போகிறவள். இறுக்கி இழுத்துச் சுற்றுவதில் அவள் கைக்கு ஒரு பேர் உண்டு. தேங்காய் நாரைத் திணித்து, அணுகுண்டுக்குச் சுற்றுகிற மாதிரியே சணலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்ட பசையை மேலே பூசிக் காயவைத்தாள். கடைசியில் அதைப் பார்த்தவர்கள் யாரும் சேணம் என்று சொல்லமாட்டார்கள். அத்தை சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இனி திரி ஒண்ணுதான் பாக்கி" என்றாள். சொல்லிவிட்டு, என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அப்படித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். தூரத்தில் சைக்கிளைக் கண்டதுமே பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு "அணுகுண்டு வருதுலே" என்று ஓடுவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், தலையைக் குனிந்துகொள்வேன். ஆனாலும் ஒருநாளாவது அவர்கள் ஓடாமல் இருந்தால் என்னவோபோல் ஆகிவிடும்.

முதலில் கொஞ்ச நாள், அப்பா என்னை விட்டுவிட்டு வந்த வழியே திரும்பி, எங்கள் ஊரையும் கடந்து, எதிர்த் திசையில் இருந்த விருதுநகர் மண்டிக்கு மிதித்துக்கொண்டு போனார். அங்கே தினமும் தாமதம், தினமும் ஏச்சு. ஒருநாள் மண்டி வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. அப்பா நெருப்புக்குப் பயந்தவர். முதுகு ஒடிய மூட்டை தூக்கினாலும் தூக்குவேன், மருந்துக்கு முன்னால் போய் உட்காரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பெரியவர்கள் சட்டை மாற்றுவதுபோல வேலையை மாற்றிக்கொள்வார்கள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் என்னை அழைக்க வரும்போது மருந்துத்தூள் ஒட்டி அவர் கையெல்லாம் வெள்ளி மாதிரி மின்னும். என் சிலேட்டில் ஒரு கை அச்சு வைக்கச் சொல்லி அடம்பிடிப்பேன்.

முதலாளி வீட்டில் பிறகு குதிரை வாங்கினார்களோ என்னவோ. அப்பா போய்க் கேட்டதில்லை.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மேற்கொண்டு படிக்க டவுனுக்குப் போக வேண்டும், வயசுப் பெண்ணை அனுப்பமாட்டார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. பஸ் போர்டு படிக்கிறேன், பேப்பர் படிக்கிறேன், பேரன் பேத்திக்குக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். இதோ இதையும் யாரையும் கேட்காமல் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். இத்தனையும் அந்தக் கேரியரில் உட்கார்ந்து வந்ததுதான்.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் காலையில் தூறல் போட்டது. அப்பா தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு, நனைந்துகொண்டே மிதித்தார். எனக்கு என்னவோ தோன்றியது. அவர் முதுகைத் தட்டிச் சொன்னேன்:

"அப்பா, நல்ல வேளை, நீங்க வேலைக்குப் போற வழியிலயே எம் பள்ளிக்கூடம் இருக்கு."

அப்பா திரும்பவில்லை. "ஆமா தாயி, நல்ல வேளைதான்" என்றார்.

மேடு வந்தது. இறங்கித் தள்ள ஆரம்பித்தார். அப்பாவுக்கு எம்புட்டுச் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டு, நான் கையை ஊன்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.