உண்ணிப் புதருக்குள் ஓர் ஊர்

எங்கள் செவலை ஆடு காணாமல் போன அன்றுதான் ஊருக்கு ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். ஊர் முழுக்க அதிகாரிகளைப் பற்றிய கவலை. எனக்கு ஆட்டைப் பற்றிய கவலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜீப்பை விட ஆடு பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிற தார் ரோட்டை விட்டு விலகி நடந்தால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. ஊருக்கு மேலே, சரிவில், இடைவெளி விட்டு விட்டு, இடுப்பு உயரத்துக்குக் கல்லைக் குவித்துக் குவித்து ஒரு வரிசை போகும். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட எல்லை அது. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் சர்க்கார் காடு. அந்தக் குவியல்களுக்குத் தொரைக்கல் என்று பெயர்.

ஒவ்வொரு குவியலுக்கு அடியிலும் ஒரு வெள்ளைக்காரத் தொரை படுத்துத் தூங்குவதாகச் சித்தப்பா எங்களுக்குச் சொல்லியிருந்தார். யாராவது தாண்டினால் எழுந்து, காலைப் பிடித்து இழுத்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவாராம். மலை மேல் கப்பல் எப்படி வரும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பந்து அந்தப் பக்கம் உருண்டு போனால் பந்தையே மறந்துவிடுவோம். சித்தப்பா இளவயதில் விறகுக்குப் போய்ப் பிடிபட்டு, கேசுக்காக மலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடையாய் நடந்து ஓய்ந்தவர். எங்கள் தலையிலும் அப்படி ஒன்று விழக் கூடாது என்றுதான் அந்தத் தொரையை உண்டாக்கினார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தக் கற்களுக்கு அப்பால்தான் எங்கள் பழைய ஊர் இருந்ததாம். கல் நட்டவர்கள், இனிமேல் இது காடு, கீழே போங்கள் என்றிருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டன் காலத்து ஜனங்கள் சட்டி பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். இப்போது புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. முன்பு அங்கே வாழ்ந்ததற்கு அடையாளம் காட்டினால், அந்தக் காட்டில் தேன் எடுக்கலாம், கடுக்காய் பொறுக்கலாம், ஆடு மாடு ஓட்டலாம், யாருக்கும் ஒளிய வேண்டியதில்லை. அதைப் பார்க்கத்தான் ஜீப் வந்தது.

ஆனால் அடையாளம் எங்கே? பழைய ஊரில் பிறந்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. ‘பாறைக்குப் பக்கத்தில்’ என்ற பேச்சு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்தச் சரிவில் பாறை இல்லாத இடமே கிடையாது. பாறையையும் மறைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. அந்தச் செடியும் பூ அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்ததுதான் என்று பிற்பாடு கல்லூரியில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தப்பாவின் கதையில் கப்பல் வந்தது அவ்வளவு தப்பில்லை.

காலையிலேயே, சித்தப்பாவைத் தவிர, அப்பாவும் மற்ற ஆண்களும் அதிகாரிகளை அழைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள். நான் ஆட்டைத் தேடிப் போனேன். அது நிறைமாதச் சினை. சாமைக் கொல்லை, ஓடைக்கரை, பலாமரத்தடி, எங்கேயும் இல்லை. கடைசியில், தொரைக்கல் வரிசைக்கு வந்து நின்றபோது, அந்தப் பக்கத்திலிருந்து அதன் குரல் கேட்டது.

எனக்கு அழுகை முட்டியது. கிட்டத்திலிருந்த குவியலைப் பார்த்துக் கைகூப்பினேன். “தொர, ஆட்ட மட்டும் ஓட்டிக்கினு வந்துடறேங்க. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க” என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே தாவாகத் தாவினேன்.

காலை யாரும் பிடிக்கவில்லை. நம்ப முடியாமல் மறுபடி இந்தப் பக்கம் தாவினேன். மறுபடி அந்தப் பக்கம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆட்டைக்கூட மறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயுமாகக் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஆடு திரும்பவும் கத்தியது. உண்ணிப் புதருக்கு அடியில், ஆடும் பன்றியும் போய்வந்து உண்டான ஒரு பொந்து வழி இருந்தது. ஆண்கள் நிமிர்ந்து தேடினால் கண்ணில் படாத வழி. முட்டி போட்டு நுழைந்தேன். முதுகிலும் கையிலும் முள் கீறியது. சட்டென்று வெளிச்சம் வந்தது. எதிரே அகலமான பாறை. அதன் மேல் எங்கள் செவலை ஆடு, ஈரம் காயாத ஒரு குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில், பாறையிலேயே குடைந்த வட்ட வட்டக் குழிகள். ஒன்றில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. உள்ளே வழவழவென்று இருந்தது. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சதுரம் சதுரமாகக் கல் அடுக்கு. எந்த ஊர்ப் பிள்ளைகளோ வீடு கட்டி விளையாடிவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஊருக்கு வந்தேன். ஆடு கத்திக்கொண்டே பின்னால் வந்தது. அதிகாரிகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு பெரிய அதிகாரியாக வந்திருந்த ஒரு அம்மாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தபா பாக்கலாங்க மேடம். இன்னும் பொழுது இருக்குதுங்களே.”

“காலைலேந்து பாத்தாச்சும்மா. காட்டத் தவிர வேற ஒண்ணும் இல்லியே. நான் இன்னான்னு எழுதறது?” அவர் குரலிலும் வருத்தம்தான் இருந்தது.

“அப்பா! ஆடு குட்டி போட்டுடுச்சி!” என்று கத்தினேன். “ஒரலுப் பாறையாண்ட!”

என்னை அதட்ட வாயெடுத்த அப்பா அப்படியே நின்றார். “எந்த ஒரலு?”

“தொரைக்கல்லுக்கு அந்தாண்ட. நம்ம வூட்டுப் பின்னாடி அத்தை சாமை குத்துமே, அதே மாதிரி. நெறையா இருக்குதுப்பா.”

மேடம் டிரைவர் பக்கம் திரும்பி, “வண்டிய ஆப் பண்ணுங்க” என்றார்.

அதற்குப் பிறகு ஊரே ஓடியது. சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு முன்னால் ஓடினார். எல்லைக் கல்லுக்கு வந்ததும் அவர் கால் தானாக நின்றுவிட்டது. “தாண்டு சித்தப்பா. அவரு எழுந்துக்கவே மாட்டாரு, நான் பாத்துட்டேன்” என்று தைரியம் சொன்னேன். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாண்டினார்.

கொடுவாளால் புதரை வெட்டி வழி உண்டாக்கினார்கள். அதுவரை பொறுக்காமல் மேடம் பொந்து வழியாகவே குனிந்து நுழைந்தார். அவர் துப்பட்டா முள்ளில் மாட்டிக் கிழிந்தது. பாறையைப் பார்த்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். ஆளுக்கு ஒரு குழியில் கையை விட்டு அழுக்கை வாரி வெளியே போட்டார்கள். அப்பா கல் அடுக்கைத் தொட்டுத் தொட்டு, “இது செவுரு, இது வாசப்படி” என்று சொல்லிக்கொண்டே போனார். மேடமும் ஒரு குழியில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, “டேப்ப எடுங்க. போட்டோ எடுங்க. இது ஊரேதான்” என்றார். மழை தூற ஆரம்பித்தது. ஒருவரும் நகரவில்லை.

உரிமை கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கேட்டதெல்லாம் கிடைக்கவுமில்லை. மேல் சரிவுக்காக இன்னும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தப் பாறைக்கு இன்று யாரும் ஒளிந்து போவதில்லை. என் குட்டியை அறுக்கவே கூடாது என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. அது கொழுத்து, கண்டவரையெல்லாம் முட்டி, கிழடாகித்தான் செத்தது.

அன்று பாறையில் அந்தக் கூச்சலுக்கு நடுவில் அத்தையைக் காணவில்லை என்பதை நான்தான் கவனித்தேன். தேடிப் போனால், கடைசியாக இருந்த ஒரு சதுரத்தின் வாசல் இடைவெளியில் அவர் செருப்பு இருந்தது. வீட்டுக்கு வெளியே விடுவதுபோல ஜோடியாகக் கழற்றி விட்டிருந்தார். உள்ளே, வெறும் மண்ணில், கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கையை நீட்டி மண்ணைத் தடவியபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூறல் அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது.

பாவம், அவ்வளவு தூரம் ஓடி வந்த களைப்பு என்று நினைத்தேன். செருப்பு நனையக் கூடாதே என்று அதை எடுத்து ஒரு புதருக்கடியில் ஒதுக்கி வைத்தேன். தூங்கட்டும் என்று, சத்தம் போடாமல் அங்கிருந்து வந்துவிட்டேன்.