சுங்காய் பங்களாவில் நான்காவது கோப்பை

இந்தியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு ஈப்போவைச் சுற்றிக்காட்டும் வேலை உங்கள் தலையிலும் ஒருநாள் விழலாம். என் தலையில் 1983 டிசம்பர் பள்ளி விடுமுறையில் விழுந்தது. அப்பாவுக்கு லீவு இல்லை. எனக்கு லீவைத் தவிர வேறொன்றும் இல்லை.

வந்தவர்கள் இரண்டு பேர்: அப்பாவின் தங்கை பார்வதி அத்தை, அவர் மகன் மாதவன். அத்தை சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர். 1970இல், குடியுரிமை இல்லாத அவருக்கு வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. இரண்டு வயது மாதவனோடு கப்பலேறினார். பெர்மிட் இருந்த மாமா, தோட்டத்துத் துரையின் கார் டிரைவர், கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு பின்னால் வருவதாகப் பேச்சு. ஒரு வருடம் கடிதம் வந்தது. பிறகு கடிதமும் இல்லை, மாமாவும் இல்லை. அப்பா தேடிப் போனபோது துரை தோட்டத்தை விற்றுவிட்டுப் போயிருந்தார். விசாரிக்க ஆளில்லை.

பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டது, காரியம் செய்துவிடலாம் என்பது அப்பாவின் கட்சி. செய்தால் அத்தை பொட்டை அழிக்க வேண்டும். “இருக்காரா செத்தாரான்னு தெரியாம எப்படிண்ணே அழிக்கிறது?” என்பது அத்தையின் கட்சி. கடைசியில், தோட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஆகவே எங்கள் சுற்றுலாவில் காலையில் ஈப்போ, மாலையில் சுங்காய்.

காலை ஏழரைக்கு ரயில் நிலையம். வெள்ளை வெளேரென்று அரண்மனை மாதிரி இருக்கும்; பார்க்கக் காசு கிடையாது. “ஈப்போன்னா ஈயெல்லாம் போயிடுச்சா?” என்றான் மாதவன். “ஈ போச்சு மச்சான், கொசு போகல, அது எப்பவும் இங்கேயேதான்” என்றேன். பழைய டவுன் காப்பிக்கடையில் அவனுக்குக் கோப்பி ஓ சொன்னேன். “ஓன்னா என்னடா?” “குடிச்சுப் பாரு, நீயே ஓன்னு சொல்லுவ.” பாலில்லாத கறுப்புக் காப்பி. சொன்னான். மூவருக்கும் ரொட்டியோடு இரண்டு வெள்ளிதான் ஆனது.

அடுத்து சுண்ணாம்பு மலைக்குகைக் கோயில். டவுனிலிருந்து ஆறு கிலோமீட்டர், பஸ்ஸுக்கு ஐம்பது காசு. ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பெண்குரலில் “மாதவா” என்று இழுத்தேன். குகை அதை நாலாகத் திருப்பிக் கொடுத்தது. மாதவன் போட்ட சத்தத்தில் வௌவால்களே விலகின. அத்தை என் மண்டையில் ஒரு குட்டு வைத்தார்.

பகல் பன்னிரண்டுக்கு சுங்காய் பஸ். கம்பார், தாப்பா, பீடோர் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆளுக்கு மூன்று வெள்ளி. சுங்காயில் சோறு சாப்பிட்டுவிட்டு டாக்சி பிடித்தோம். தோட்டம் எட்டு கிலோமீட்டர்.

“அங்க எதுக்குலா போறீங்க? ஆளே இல்லையே” என்றார் டாக்சி அண்ணன்.

“தேத்தண்ணி குடிக்கத்தான் அண்ணே” என்றேன். சும்மா சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“தோட்டத்து கேட்டு வரைக்கும் விடுறேன். அஞ்சு மணிக்கு அங்கேயே நிப்பேன். உள்ள வரமாட்டேன்.”

ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டுவிட்டார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை, உள்ளே ஒரே மாதிரி இருட்டு. அத்தை குடியிருந்த லயத்து வரிசை வீட்டில் கூரை இல்லை. வாசற்படி மட்டும் இருந்தது. அத்தை அதில் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. நேரே மேட்டிலிருந்த துரை பங்களாவுக்கு நடந்தார். தூறல் பிடித்தது.

பங்களாவில் காவலுக்கு ஒருவர் இருந்தார். ஐம்பது வயசிருக்கும், பெயர் முனியாண்டி. நாங்கள் யார் என்று கேட்கவே இல்லை. “வாங்க, மழையில நிக்காதீங்கலா. தேத்தண்ணி கலக்கப்போற நேரம்தான்” என்று வராந்தா மேசையில் உட்கார வைத்தார். துரை காலத்துப் பீங்கான். நாலு கோப்பை வைத்து ஊற்றினார். தனக்கு ஒரு தகரக் குவளையில் ஊற்றிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தார்.

“அண்ணே, நாங்க மூணு பேருதான்” என்றேன்.

“தெரியுதுலா. அது டிரைவருக்கு. நாலு மணி வாக்குல வருவாரு.”

அத்தையின் கை கோப்பைக்குப் போகாமல் நின்றது. “எந்த டிரைவரு?”

“துரை டிரைவருன்னுதான் சொன்னாரு. நான் இங்க வந்து நாலு வருசமாச்சு, தினம் வாராரு. பேச்சு கம்மி. சீனிதான் மூணு கரண்டி கேப்பாரு.”

மாதவன் என் தொடையைக் கிள்ளினான். “டேய், நீ சொல்லிவச்சதுதானே?” என் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான்.

அத்தை குரல் மாறாமல் கேட்டார். “இடது புருவத்துல தழும்பு இருக்குமா?”

“பாதிப் புருவமே இல்லையே. உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“அம்மா! அப்பா இருக்காரும்மா!” மாதவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். அத்தை அவனைப் பார்க்கவில்லை.

“அவருக்கு என்ன வயசிருக்கும்?”

முனியாண்டி யோசித்தார். “சின்ன வயசுதான். முப்பது இருக்கும்.”

மாதவன் இன்னும் சிரித்த முகத்தோடுதான் நின்றான். அத்தை அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “நாம கப்பலேறுனப்பவே அவருக்கு முப்பதுய்யா” என்றார்.

பிறகு சீனிக் கிண்ணத்தை இழுத்து, நான்காவது கோப்பையில் மூன்று கரண்டி போட்டார். கலக்கவில்லை. கரண்டியை உள்ளேயே விட்டு, கோப்பையின் பிடியை இடதுபக்கம் திருப்பி வைத்தார். “இடதுகைக்காரரு” என்று எங்களுக்குச் சொல்வதுபோல் சொன்னார். தன் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். “எந்திரிங்க. நாம உக்காந்திருந்தா வரமாட்டாரு.”

முனியாண்டி அத்தைக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினார். நாலு பேரும் புல்தரையில் பத்தடி வந்திருப்போம். பின்னால், வராந்தாவில், கரண்டி கோப்பையில் தட்டும் சத்தம் கேட்டது. நிதானமாக, சீனி கரைகிற வரைக்கும் கலக்குகிற சத்தம்.

மாதவன் திரும்பிப் பார்க்கப் போனான். அத்தை அவன் கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டார். நானும் திரும்பவில்லை. கேட்டில் டாக்சி அண்ணன் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

ராத்திரி அப்பா கேட்பதற்கு முன்னாலேயே அத்தை, “வெள்ளிக்கிழமை வச்சுக்கண்ணே” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். “என்னடா சொன்ன அவகிட்ட?” நடந்ததை அப்படியே சொன்னேன். என் பேரில் அவருக்கு இருக்கும் நம்பிக்கைக்கு, இதுவும் என் குறும்பு என்று கையை ஓங்கிவிட்டார். அத்தை குறுக்கே வந்து, “அவனை விடுண்ணே. படையல்ல தேத்தண்ணியும் வைக்கணும்” என்றார். அப்பாவின் கை இறங்கிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஈப்போவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். டிசம்பரில் குடை வேண்டும், காலில் ஏறும் அட்டைக்குப் பொட்டலத்தில் உப்பு வேண்டும். போக வர டாக்சிக்கு எட்டு வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள். முனியாண்டி அண்ணன் நல்ல மனிதர், தேநீரும் நன்றாக இருக்கும், காசு வாங்கமாட்டார். ஆனால் உங்கள் குடும்பத்திலும் தகவல் இல்லாமல் போனவர் யாராவது இருந்தால், மிச்சக் கோப்பை யாருக்கு என்று யோசித்துக் கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்.