பச்சை ஒயர்

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் ஜெயலட்சுமி வீட்டில் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றியதில்லை. லைட் பிடிப்பது மட்டும்தான் அவள் வேலை. புருஷன் பக்தவத்சலம் சிங்க்குக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், காருக்கு அடியில் என்று எங்காவது மல்லாந்து கிடப்பார். அவள் இடுப்பை ஒடித்துக் குனிந்து டார்ச்சைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

"என் கையில காட்டு ஜெயா. மூஞ்சியில காட்டாத" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் கிடைத்துக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர் அவர். ஒரு இலாகாவின் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் பைப்பும் எண்ணிக் கொடுத்தே ஓய்வு பெற்றார். எண்ணிக் கொடுத்தவனுக்கு மாட்டத் தெரியாதா என்பது அவர் கட்சி. டாலிகஞ்சில் கட்டிய வீட்டுக்குள் பிளம்பரையோ எலக்ட்ரீஷியனையோ காலெடுத்து வைக்க விட்டதில்லை. மெயின்லேண்டிலிருந்து சாமான் வர மாசக்கணக்கில் ஆகும் ஊரில், கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறவனுக்கு மதிப்பு உண்டு. அவர் தொட்ட எதுவும் ஓடாமல் நின்றதில்லை. ஆனால் அவர் சொன்னபடிதான் ஓடும். சமையலறைக் குழாயை மூடுகிற பக்கம் திருப்பினால்தான் திறக்கும். பாத்ரூம் லைட்டின் சுவிட்ச் ஹாலில் இருந்தது. பழைய மாருதியின் இடது கதவைத் திறக்கக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு இழுக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்று லேசாக அடிக்கும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு."

அவளும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொட்டாள்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தொங்கிய சைலன்சரைக் கட்டுவதற்காக அவர் காருக்கு அடியில் படுத்தார். அவள் லைட் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் என்னவோ குழறினார்.

"என்னங்க? வாயில ஸ்பேனரை வச்சுக்கிட்டுப் பேசினா எனக்கு எப்படிப் புரியும்?"

மறுபடி குழறினார். கோபமாகப் பேசுவது போலத்தான் கேட்டது.

"சரியாத்தான் பிடிச்சிருக்கேன். அப்புறம் என்ன?" என்று இவளும் பதிலுக்கு விட்டாள்.

ஸ்பேனர் அவர் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தபோதுதான் அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார்கள். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. கோயம்புத்தூரிலிருந்து மகள் சௌமியா குழந்தையோடு வந்து, இருக்க முடிந்தவரை இருந்துவிட்டுப் போனாள். சீக்கிரம் கூட்டி வந்திருந்தால் நல்லது என்று டாக்டர் பொதுவாகச் சொன்னதை ஜெயலட்சுமி மகளிடம் சொல்லவில்லை. காருக்கு அடியில் கிடந்தவரோடு தான் வாயாடிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷங்களை யாரிடமும் சொல்லவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் தண்ணீர் வரும் முறை. டாலிகஞ்சில் மழையில்லாத மாதங்களில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர். அது முக்கால் மணி நேரத்துக்குள் கீழ்த்தொட்டியில் நிறைந்துவிடும். மோட்டார் போட்டு மேலே ஏற்றினால்தான் வீட்டுக்குள் வரும். அவள் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. படுக்கையில் கிடக்கும் மனுஷனை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைத்துவிட வேண்டியிருக்கிறது. அன்று முழுக்க வாளி வாளியாகக் கீழ்த்தொட்டியிலிருந்து தூக்கினாள்.

மறுநாள் ஜங்லிகாட்டிலிருந்து சுதாகர் என்கிற எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆள், பேச்சில் இந்தி கலந்து வரும், நாற்பத்தைந்து வயது இருக்கும். மோட்டாரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். பிறகு சுவிட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"அரே பாப்ரே! ஆன்ட்டி, இது யார் செஞ்ச வேலை? சிவப்புல போற ஒயர் நடுவுல கறுப்பா வருது. இதெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு நயா ஒயர், புதுசா போடணும்."

உள்ளறையின் கதவு திறந்திருந்தது. ஜெயலட்சுமி திரும்பிப் பார்த்தாள். பக்தவத்சலம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் அவள். "இப்போதைக்கு மோட்டார் மட்டும் பாத்தாப் போதும்."

"மோட்டார் ஜாம் ஆயிருக்கு ஆன்ட்டி. ஓடாம கிடந்துச்சுல்ல, துரு. மோட்டாரைக் கிளப்பி விடற கண்டென்சரும் போச்சு. கடையில வாங்கிட்டு நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். கழட்டிப் பாக்கணும்."

சொன்ன மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த தண்ணீர் முறையும் வந்துவிட்டது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்த அந்தக் காலையில் ஜெயலட்சுமி புருஷனின் டூல்ஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு மோட்டார் அருகே உட்கார்ந்தாள். மெயினை அணைத்தாள். இதே மோட்டார் இரண்டு தடவை இப்படி இறுகியபோது அவர் என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருஷம் அவர் கையின் மேல்தானே லைட் அடித்தாள்! பின்பக்க மூடியின் நாலு ஸ்குரூவையும் கழற்றினாள். உள்ளே இருந்த விசிறிக்கு நடுவில், தண்டில், மண்ணெண்ணெய் ஊற்றினாள். கொஞ்சம் ஊறவிட்டு ஸ்குரூ டிரைவரைத் தண்டின் பள்ளத்தில் வைத்துத் திருப்பினாள். அசையவில்லை. ஸ்பேனரை மாட்டி இரண்டு கையாலும் அழுத்தினாள்.

அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலருகே விட்டிருந்தாள். அவர் இடது கையை நீட்டி டார்ச்சைக் கேட்டார். கொடுத்தாள். வெளிச்சம் சுவரிலும் செடியிலும் அலைந்தது, மோட்டாரில் மட்டும் விழவில்லை. திரும்ப வாங்கித் தன் பல்லில் கடித்துக்கொண்டாள். அவருக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கும். ஆனால் வெளிச்சமில்லாமல் வேலை நடக்காது.

மூன்றாவது அழுத்தலில் "கிறீச்" என்று தண்டு நகர்ந்தது. கால் சுற்று, அரைச் சுற்று, பிறகு தாராளமாகச் சுற்ற ஆரம்பித்தது. அவள் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். சுதாகர் சாயங்காலம் புதுக் கண்டென்சரோடு வந்து, கழன்று கிடந்த மூடியைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஜாம் எடுத்தது நீங்களா? சச்? நிஜமாவா?" என்றார்.

கண்டென்சரை மாட்டியதும் மோட்டார் ஓடியது. தண்ணீர் மேலே ஏறும் சத்தம் கேட்டது. கிளம்பும்போது சுதாகர் தயங்கினார்.

"ஆன்ட்டி, அன்னிக்கு அங்கிள் காதுல விழற மாதிரி சிரிச்சது தப்புதான், மாஃப் கரோ. ஆனா ஒண்ணு காட்டணும், வாங்க." போர்டின் பின்னால் கையை விட்டு ஒரு பச்சை ஒயரை இழுத்தார். நுனி வெட்டப்பட்டு, அழகாக மூன்று சுற்று டேப் போட்டு, யார் கண்ணுக்கும் படாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "இது எர்த், கசியற கரண்டை மண்ணுக்குள்ள இறக்குறது. வீடு பூரா எர்த்தே இல்ல. கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற டிரிப்பர் அடிக்கடி விழுந்திருக்கும், அது விழாம இருக்கறதுக்காக வெட்டி விட்டிருக்காரு. உங்க ஃபிரிட்ஜ்ல ஷாக் அடிக்குமே?"

"லேசா."

"லேசா அடிச்ச வரைக்கும் நல்லது. ஈரக் கையா இருந்தா, இல்ல குழந்தையா இருந்தா..."

இரண்டு வருஷத்துக்கு முன்பு பேத்தி இந்த வீட்டில்தான் நடை பழகினாள். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் பருவம். ஃபிரிட்ஜின் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கும் போட்டோ சௌமியாவின் போனில் இன்னும் இருக்கிறது.

சுதாகர் போனதும் ஜெயலட்சுமி உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள்.

"அந்தப் பச்சை ஒயரை வெட்டினது நீங்கதானே?"

அவர் அவளைப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார்.

"தெரிஞ்சுதான் வெட்டினீங்களா? தெரிஞ்சேதான் என்னைச் செருப்புப் போடச் சொன்னீங்களா? புள்ள வந்தப்பகூட உங்களுக்கு உறைக்கலையா?"

அவர் வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. பிறகு அழ ஆரம்பித்தார். இந்த நோய் வந்தவர்கள் சின்ன விஷயத்துக்கும் அழுவார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது நோயின் அழுகையா, அவருடைய அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பதில் சொல்ல முடியாத ஆளிடம் சண்டை போடுவது போலக் கேவலம் வேறில்லை என்று தோன்றியது. சண்டை போடாமலும் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கஞ்சி ஊட்டினாள், துடைத்தாள், திருப்பிப் படுக்க வைத்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. பேச முடியாத ஒருவரும் பேசாத ஒருத்தியுமாக வீடு கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு வாய் குழறினப்ப நான் எதிர்த்துப் பேசிக்கிட்டு நின்னேன். ரெண்டு நிமிஷமா, மூணு நிமிஷமா தெரியல. நீங்க திட்டுறீங்கன்னு நெனச்சேன். அதை யார்கிட்டயும் சொல்லல." துணியைப் பிழிந்தாள். "நான் செஞ்சது தப்பு. நீங்க செஞ்சதும் தப்பு. இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

அவர் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தது.

அன்றே சுதாகருக்குப் போன் போட்டாள். சாமானெல்லாம் வாங்கி வாருங்கள், குழி நான் தோண்டி வைக்கிறேன் என்றாள். சொன்னபடி கொல்லையில், வாழைக்குப் பக்கத்தில், இரண்டு நாள் கடப்பாரை போட்டாள். சுதாகர் வந்து பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடி, புதுப் பச்சை ஒயரை வீட்டுக்குள் இழுத்தார். கரண்ட் கசிந்தது ஃபிரிட்ஜின் பழைய பிளக் ஒயரில்தான் என்று கண்டுபிடித்து அதையும் மாற்றினார். டிரிப்பர் விழவில்லை. "ஹோ கயா, முடிஞ்சது ஆன்ட்டி. தொட்டுப் பாருங்க."

அவள் செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடு நின்று கதவில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளி வந்து அவருடைய இடது கையையும் எடுத்து அதன் மேல் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுதாகர் டூல்ஸை அடுக்குவது போலத் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. சமையலறைக் குழாயை ஊரில் உள்ள குழாய்களைப் போலத் திறக்க வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், "இதை மாத்துறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பாள். சிலதற்கு அவர் தலையசைப்பார். ஹாலில் இருந்த பாத்ரூம் சுவிட்சுக்கு மட்டும் ஏனோ முகத்தைச் சுளித்தார். அதை விட்டுவிட்டாள். காரை ஒரு மெக்கானிக்கிடம் விற்றாள். போகும்போது இடது கதவைத் திறக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்தாள்.

ஜூனில் மழை பிடித்தபோது அவருக்கு வலது காலில் கொஞ்சம் பலம் வந்திருந்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நிற்கலாம், நடக்கக்கூடச் செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சுவரில் ஒரு பைப் கைப்பிடி போட்டுவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். டிரில் மிஷினால் துளை போட்டு, அதற்குள் பிளாஸ்டிக் பிளக் அடித்து, ஸ்குரூ முடுக்கினாள். தொங்கிப் பார்த்ததும் பைப் கையோடு வந்தது. ஹாலோ பிளாக் சுவர், உள்ளே வெறும் பொந்து.

மறுநாள் காலை இட்லி ஊட்டும்போது அவர் அவள் கையைத் தடுத்தார். தட்டிலிருந்து இட்லி ஒன்றை எடுத்தார். கட்டை விரலை அதன் நடுவில் குத்தி மறுபக்கம் வெளியே எடுத்தார். பிறகு தட்டின் ஓரத்தில் காப்பிக்கு வைத்திருந்த பிஸ்கட்டைக் கண்ணால் காட்டி, அதை விரல் வெளியே வந்த பக்கத்தில் ஒட்ட வைக்கச் சொல்வது போல விரலை ஆட்டினார்.

ஜெயலட்சுமி இட்லியையும் பிஸ்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போல்ட்டை விட்டு, பின்னாடி தகடு குடுத்து முடுக்கச் சொல்றீங்க?"

அவர் முகத்தின் நல்ல பக்கம் சிரித்தது.

நீள போல்ட்டுகள் கிடைக்கக் கப்பல் வரும்வரை பத்து நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. சுவரின் இரண்டு பக்கமும் தகடு வைத்து, எட்டு இடத்தில் இறுக்கி முடித்தாள். தானே இரண்டு காலையும் மடக்கித் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. பிறகு அவரைப் பிடித்து எழுப்பி, இடது கையைப் பைப்பில் வைத்துவிட்டு, ஒரு அடி தள்ளி நின்றாள்.

அவர் நின்றார். கால் நடுங்கியது, ஆனால் நின்றார். ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. மூன்றாவது போல்ட்டின் அருகே வந்ததும் நின்றுவிட்டார். வலிக்கிறதோ என்று அவள் பதறிக் கிட்டே போனாள். அவர் தலையைச் சாய்த்து அந்தத் தகட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் நேராக இருக்க, அது ஒன்று மட்டும் கோணலாக உட்கார்ந்திருந்தது.

"கோணதான்" என்றாள் ஜெயலட்சுமி. "நான் போட்டது அப்படித்தான் இருக்கும். நடங்க."

அவர் நடந்தார்.