படத்தின் முன் நின்ற கட்சிக்காரி

கோட்டைக் காவல் என்பது எதிரியைப் பார்த்து நிற்கிற வேலையல்ல. கடிகாரத்தைப் பார்த்து நிற்கிற வேலை. படித்தது ஒன்று, பார்க்கிறது ஒன்று என்று ஒஸ்லோவில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சாவிக்கொத்து

யாழ்ப்பாண நீதிமன்றத்தில் நாலு வருடம் சட்டத்தரணியாக நின்ற எனக்கு, இங்கே பழைய கோட்டை ஒன்றில் மண்டபக் காவல் கிடைத்தது. மண்டபத்தில் இங்கிலாந்திலிருந்து இரவலாக வந்த, ஒரு கிழவரின் ஓவியம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூரின் வழக்கறிஞராகவும் அவ்வூர்க் கோட்டையின் காவலராகவும் இருந்தவராம். படத்தின் கீழிருந்த அந்தக் குறிப்பை நான் இரண்டு தரம் வாசித்ததை மேலாளர் காரி கவனித்துவிட்டார். சாவிக்கொத்தைத் தரும்போது சொன்னார்: "நீங்கள் இங்கே அவரில் பாதி மட்டும்தான். வேலை நேரத்தில் சட்டம் பார்த்தால் சாவியைத் திருப்பித் தர வேண்டிவரும்."

ஓவிய ரசிகை

நகரின் ட்வெய்ட்டாப் பகுதியிலிருந்து, எனக்குத் தெரிந்த பிள்ளை மாலினி வந்தாள். ஊரிலிருக்கும் கணவனுக்கு விசா மறுத்துக் கடிதம் வந்திருந்தது. மூன்று கிழமைக்குள் மேன்முறையீடு கொடுக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஏற்கெனவே இரண்டு வருடப் பிரிவு. அவள் ஓவியத்தைப் பார்த்தபடி கேட்டாள். நான் வாசலைப் பார்த்தபடி பதில் சொன்னேன். "அன்ரி, மெதுவாக் கதையுங்கோ, குரல் எதிரொலிக்குது" என்று அவள்தான் என்னை எச்சரித்தாள்.

இடைவேளைகளில் மேன்முறையீட்டை எழுதிக் கொடுத்தேன். அவள் நாலாம் தரம் வந்துபோன பிறகு காரி என் பக்கத்தில் வந்து நின்றார். ஓவியத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பெண்ணுக்கு இந்தக் கிழவரிடம் அப்படி என்னதான் பிடித்திருக்கிறது?"

கடைசி நாள்

கெடு முடிகிற நாள், நடுப்பகல். மாலினி கடித உறையோடு வந்து நிற்கிறாள்.

"இன்னும் குடுக்கேல்லையோ பிள்ளை?"

"இண்டைக்கு அட்டமி அன்ரி. ஒண்டு நாப்பதுக்குத்தான் முடியுது."

குறொன்லாண்ட் பகுதித் தமிழ்க் கடை தந்த நாட்காட்டியைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். மேன்முறையீடு கொடுக்கும் அலுவலகம் மூன்று மணிக்குப் பூட்டும். சட்டம் படித்த நான் அவளைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். நானோ போனை வாங்கிப் பார்த்து, "அப்ப ஒண்டு நாப்பத்தொண்டுக்கு உள்ளுக்குப் போ" என்றேன். மறுபடியும் மறுத்துவிட்டால், அட்டமியில் அனுப்பிய பழி யாருக்கு?

பிறகு அங்கே வரிசை நீளமாம். இரண்டரை ஆனது, இரண்டே முக்கால் ஆனது. ஒரு ஜெர்மன்காரர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். பீரங்கி இருக்கிற திசையைக் காட்டினேன். மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கப் போன் அதிர்ந்தது: "குடுத்தாச்சு அன்ரி. எனக்குப் பின்னால கதவைப் பூட்டிட்டினம்."

வந்து சேர்ந்தவர்

அடுத்த வசந்தத்தில் கணவனை மண்டபத்துக்கே கூட்டிவந்தாள். ஊரில் கணக்கு வாத்தியார், அமைதியான மனிதர். அந்த நாளின் கதையை நாங்கள் இருவரும் மாறிமாறிச் சொல்ல, அவர் போனிலிருந்த நாட்காட்டிப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அச்சிட்ட இடம் யாழ்ப்பாணம் என்று அடியில் இருந்தது.

"இது ஊர் நேரம் அன்ரி. இஞ்சை அட்டமி காலமை பத்துப் பத்துக்கே முடிஞ்சுது."

எந்தத் தீர்ப்பை எதிர்த்தும் மேன்முறையீடு எழுத எனக்குத் தெரியும், அட்டமியை எதிர்த்து எழுதத்தான் எந்தச் சட்டக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.